மூன்று பேர் குலம்

எந்தக் குலம் என்று கேட்டார்
முதலாளியின் மைத்துனர், சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டே.
பரிமாற்றுக் குலம், மொத்தம் மூன்று பேர் என்றேன்.
சின்னக் குடும்பம் போல, என்று
கவரை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

புளியரை. இரவு ஒன்று நாற்பது.
சாரல் எடைமேடையிலும் விழுகிறது,
காலி மேடை இருபது கிலோ காட்டுகிறது.
எஸ் வளைவில் தொடங்கிச் செங்கோட்டை ரோடு முழுக்க
எம்-சாண்ட் லாரிகள், ஒன்றின் வாலில் ஒன்று.
வளைவு ஏறினால் ஆரியங்காவு.
அங்கே போன மணல் திரும்பி வந்ததாக
என் பேரேட்டில் ஒரு வரி கிடையாது.

நடைச்சீட்டின் முதுகில் ஐந்து புள்ளி வைத்தேன்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஒவ்வொன்றும் தன் இரட்டிப்புக்கு ஓர் அம்பு விடும்,
இரட்டிப்போடு ஒன்று கூட்டி இன்னோர் அம்பு.
ஐந்தை எட்டினால் ஐந்தைக் கழித்துவிடு.
ஆகவே மூன்றிலிருந்து ஒன்றுக்கும் இரண்டுக்கும்,
இரண்டிலிருந்து நான்குக்கும் பூஜ்யத்துக்கும்.
பூஜ்யம்தான் ஆரியங்காவு. விழுந்தது விழுந்ததுதான்.
மற்ற புள்ளிகளில் ஒரு லோடு நிற்கும்;
இரண்டு சேர்ந்தால் தாங்காது,
அம்புக்கு ஒன்றாகச் சரியும்.
நான்கு தன்னையே சுட்டும் அம்பை அழித்துவிட்டேன்.
பாவம், அதன் கையில் எதுவும் தங்குவதில்லை,
வந்ததை அப்படியே மூன்றுக்குத் தள்ளிவிடும்.

வெளியே மைதீன்பிச்சைக்கும் ஷிஜுவுக்கும் தகராறு.
நான்தானே முந்தி வந்தேன்.
அல்ல, ஞான் ஆத்யம்.
ஜன்னலைத் திறந்து சொல்லலாம்:
எது முதலில் சரிந்தாலும்
கடைசியில் நிற்கும் குவியல் ஒன்றே.
சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடிப்பார்கள்.
அந்த மட்டில் சமாதானம்.

எட்டு நிலைகள் எழுதிப் பார்த்தேன்.
கொட்டக் கொட்ட ஐந்து மறைந்துபோயின.
மூன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன,
ஒன்றோடொன்று கூடுகின்றன,
கூடியபின்னும் மூவரில் ஒருவராகவே நிற்கின்றன.
இதில் பூஜ்யத்தின் வேலையைப் பார்ப்பது யார்?
ஒன்றுமில்லாத குவியல் என்றுதான் தேடினேன்.
அது எப்போதோ மறைந்த ஐந்தில் ஒன்று.
பூஜ்யமாக இருந்தது,
ஒன்று இரண்டு மூன்று எல்லாம் நிரம்பி
இன்னொரு லோடுக்கு இடமில்லாத நிலை.
அதன் ஒன்றாம் புள்ளியில் கொட்டினால்
இரண்டு மூன்று நான்கு என்று எல்லாம் குலைந்து
சுற்றி வந்து பழையபடி நிரம்பிவிடும்.
ஒரே ஒரு லோடு மட்டும் ஆரியங்காவுக்குள்.

கனிமவளத் துறை ஜீப் கொட்டகையில் நிற்கிறது,
உள்ளே ஆள் வாய் பிளந்து தூங்குகிறார்.
சக்கரத்தில் ஐந்து நட்டு. என்னிடம் சாக்பீஸ்.
குறித்ததை மறுபடி குறித்தால் அழிந்தது என்று சட்டம்,
ஒன்றும் ஒன்றும் இங்கே பூஜ்யம்.
ஒற்றைப்படையாகத்தான் குறிக்கலாம்,
ஐந்தையும் குறித்தது செல்லாது.
பதினைந்து விதம்.
பதினாறு பேர் உள்ள களத்தில்
பூஜ்யத்தை வாசலில் நிறுத்தினால் மிஞ்சுகிறவர்கள்.
(பதினாறும் பெற்று என்று வாழ்த்துகிறவர்கள்
அந்த ஒருவரைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.)
சக்கரம் உருள்வதை மாற்றமாக எண்ணாவிட்டால்
ஒற்றைக் குறி,
ஒட்டிய மூன்று,
இரண்டு ஒட்டி ஒன்று தள்ளி.

குந்தியிருந்த கால் மரத்துப்போயிற்று.
மணலிலும் அதே மூவர்.

நாலு மணிக்கு வரிசை அசைந்தது.
மைதீன்பிச்சை முந்திவிட்டார்.
ஷிஜுவின் வண்டி மேடை ஏறியது, முப்பத்தெட்டு டன்.
இருபத்தெட்டு என்று எழுதணும் சேச்சி, என்கிறான்,
மைத்துனர் சொல்லிவிட்டாராம்.
என் ஐந்து புள்ளிக் கணக்கில்
பத்தும் பூஜ்யம்தான். தப்பே இல்லை.

அந்தப் பத்து டன் இருந்த கல்குவாரிக்கு
தாளில் நான் புள்ளியே வைக்கவில்லை.
வைத்தாலும் அதற்குள் போகும் அம்பு எது?

எழுதிக் கொடுத்தேன்.
ஜீப் தென்காசிப் பக்கம் போனது,
ஒட்டிய மூன்று குறியோடு, ஈர ரோட்டில்.